அலுவலகக் கிறிஸ்மஸ் விழாவில் யார் யார் விளையாடுகிறார்கள்?

டிசம்பர் பிறந்துவிட்டால் வேலைக்குப் போகும் நம் பங்கு இளைஞர்களுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு வந்து சேர்கிறது. "நீங்கதானே கிறிஸ்டியன், இந்த வருஷம் பார்ட்டிக்கு என்ன கேம்ஸ் வைக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரோ இருவரோதான் கிறிஸ்தவர்கள். அவர்களை நம்பி, அன்போடு ஒப்படைக்கப்படும் வேலை அது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் அருட்சகோதரிகளையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் நிறுத்தி, "ஜாலியா ஏதாவது நாலு கேம் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். சிஸ்டரும் சளைக்காமல் நாலைந்து சொல்லிவிடுவார்.

நாமும் சொல்லலாம். ஆனால் புளியந்தோப்பில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால், எந்த விளையாட்டு என்பதற்கு முன்னால் இன்னொன்று வந்து நிற்கிறது: அந்த விளையாட்டுக்கு யாரையெல்லாம் கூப்பிடுகிறார்கள்? ஏனென்றால் இங்கே பல வீடுகளில் மகள் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். தாய் அதைப் போன்ற இன்னொரு நிறுவனத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். மகளின் அலுவலகத்தில் பார்ட்டி. தாயின் அலுவலகத்திலும் பார்ட்டிதான். மகள் சிவப்புச் சட்டை அணிந்து விளையாடப் போகிறார். தாய், விளையாட்டு முடிந்தபின் கலர் காகிதத்தையும் கேக் துணுக்கையும் கூட்டி அள்ளப் போகிறார்.

பொரிப் பொட்டலம்

வேலைத்தளத்தில் விழா என்பது நம் பகுதிக்குப் புதிது அல்ல. பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் நம் தாத்தாக்களுக்குச் சோறு போட்டது பின்னி மில் என்று அழைக்கப்பட்ட பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை. 1996இல் மூடப்படும் வரை பல தலைமுறைகள் அதன் சங்கொலிக்கு எழுந்து, அதன் சங்கொலிக்கு வீடு திரும்பின. ஆலைகளிலும் துறைமுகத்திலும் பட்டறைகளிலும் விழா என்றால் அது ஆயுத பூஜைதான். இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் பொரி, கடலை, வெல்லம் போட்ட பொட்டலம் கைக்கு வரும். நம்மவர்களும் இஸ்லாமியச் சகோதரர்களும் அதில் ஒதுங்கி நின்றதில்லை. பூஜையில் கலப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனச்சான்று. பொட்டலம் எல்லாருக்கும் ஒன்று. ஃபோர்மேனுக்குப் பெரிய பொட்டலம், கூட்டுபவருக்குச் சின்னப் பொட்டலம் என்று யாரும் கட்டியதாகக் கேள்விப்படவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

அலுவலகக் கிறிஸ்மஸ் இதற்கு ரொம்பவும் இளையது. வெள்ளைக்காரர் காலத்துக் கம்பெனிகளிலும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்தியர் மத்தியிலும் அது முன்பே இருந்தது உண்மை. ஆனால் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் அது நுழைந்தது தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். கணினி நிறுவனங்களோடும் கால்சென்டர்களோடும் மரமும் நட்சத்திரமும் சிவப்புத் தொப்பியும் வந்தன. கூடவே விளையாட்டுகளும் வந்தன. பொட்டலத்துக்குப் பதில் போட்டி வந்தது என்றும் சொல்லலாம். போட்டி தவறு அல்ல. ஆனால் போட்டியில் பெயர்ப் பட்டியல் உண்டு. பட்டியல் என்று ஒன்று எழுதினால் அதற்கு வெளியே நிற்பவர்களும் உண்டு.

யாரோ ஒருவர் மறைவாக

இப்போது எல்லா இடங்களிலும் முதலிடம் பிடித்திருப்பது சீட்டுக் குலுக்கும் விளையாட்டு. சில இடங்களில் சீக்ரெட் சான்ட்டா என்கிறார்கள். நம் கல்லூரி விடுதிகளில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு என்பார்கள். எல்லார் பெயரையும் எழுதிக் குலுக்க வேண்டும். வந்த பெயருக்கு உரியவருக்கு, தான் யார் என்று காட்டாமல் பரிசு தர வேண்டும். கடைசி நாளில் யார் யாருக்குக் கொடுத்தது என்பது வெளியாகும். ஒரே சிரிப்பாக இருக்கும். கன்னியர் மடங்களிலும் பயிற்சி இல்லங்களிலும் இதே வழக்கம் பரிசுக்குப் பதில் செபத்தோடு நடக்கும்: யார் பெயர் வந்ததோ அவருக்காகத் திருவருகைக் காலம் முழுவதும் மறைவாகச் செபிப்பது.

இந்த மறைவு எதற்காக? மீரா நகரின் ஆயர் புனித நிக்கொலாசைப் பற்றி மரபாகச் சொல்லப்படும் கதை நமக்குத் தெரியும். வரதட்சணைக்கு வழியில்லாமல் மூன்று பெண் மக்களோடு ஒரு தந்தை தவிக்கிறார். ஆயர் இரவில் வந்து சன்னல் வழியே பொன் முடிப்பை வீசிவிட்டுப் போகிறார். பகலில், நாலு பேர் பார்க்கக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் காலமெல்லாம் தலைகுனிய வேண்டியிருக்கும். வாங்குகிறவரின் மானம் காக்கவே கொடுக்கிறவர் மறைந்தார். அலுவலக விளையாட்டில் இந்த மறைவு ஒரு விடுகதையாக மட்டும் தங்கிவிட்டது. "200 ரூபாய்க்குக் குறையாமல்" என்று ஒரு வரி சுற்றறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். மாதம் அறுபதாயிரம் வாங்குபவருக்கு அது ஒரு காபி, ஒரு கேக். கேன்டீனில் தட்டு கழுவும் அக்காவுக்கு அது ஒரு நாளின் சமையல் செலவு. அவரைச் சேர்த்தால் சுமை, சேர்க்காவிட்டால் அவமதிப்பு என்ற இக்கட்டை அந்த ஒரு வரியே உண்டாக்கிவிடுகிறது. "குறையாமல்" என்பதை "மிகாமல்" என்று மாற்றி, தொகையை 50 என்று வைத்தால் என்ன? கையால் செய்த நட்சத்திரம், வீட்டில் பிடித்த கல்கல், எழுதிய ஒரு கடிதம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இந்த விளையாட்டிலேயே இன்னொரு பகுதி உண்டு. அதைத்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். கிறிஸ் மாம் தன் கிறிஸ் சைல்டுக்குத் தினமும் ஒரு கட்டளை எழுதி அனுப்பலாம்: நாளை இரண்டு சடை போட்டு வா, எல்லார் முன்னும் இந்தப் பாட்டுக்கு ஆடு, மேனேஜரிடம் போய் இந்த வசனத்தைப் பேசு. கல்லூரியில் சமவயதுத் தோழர்களிடையே இது வேடிக்கை. வேலைத்தளத்தில் அப்படி இல்லை. அங்கே ஒருவரின் பதவி உயர்வும் ஒப்பந்தப் புதுப்பிப்பும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. ஆட விருப்பமில்லாத பெண், "ஸ்போர்ட்டிவா எடுத்துக்க மாட்டேங்கறாங்க" என்ற பேச்சுக்குப் பயந்து ஆடினால் அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்க முடியுமா? பணியிடங்களில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டுமல்ல, தற்காலிக, ஒப்பந்த, பயிற்சி ஊழியருக்கும் பொருந்தும். வேலை நிமித்தம் போகும் வெளியிடமும் அதில் பணியிடமே. பார்ட்டியை ஓட்டலில் வைத்தாலும் சட்டம் அலுவலகத்திலேயே தங்கிவிடுவதில்லை. இதை எச்.ஆர். பிரிவினர் அறிவார்கள். விளையாட்டை ஏற்பாடு செய்யும் நம் பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

விளையாட்டைப் பற்றித் திருச்சபை எப்போதும் முகம் சுளித்தே பேசி வந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். புனித தாமஸ் அக்குவினாசைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. தம் பெரும் இறையியல் நூலில் அவர் விளையாட்டுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். அங்கே நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழைய கதை ஒன்றைச் சொல்கிறார். யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். பார்த்தவர்கள் இடறல்பட்டார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து, அம்பு எய்யச் சொன்னார் யோவான். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். நிறுத்தாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டபோது, வில் முறிந்துவிடும் என்றார் அந்த மனிதர். மனித மனமும் அப்படித்தான் என்றார் யோவான். இதிலிருந்து அக்குவினாஸ் விளையாட்டு தேவை என்ற முடிவுக்கு வருகிறார். அதோடு, பிறருக்கு மகிழ்ச்சி தராமல், பிறர் மகிழ்ச்சியையும் கெடுத்துக்கொண்டு உம்மென்று இருப்பதும் ஒரு குறையே என்று எழுதுகிறார். நம் பங்குப் பேரவையில் சிலருக்கு இதைப் படித்துக் காட்டலாம்! ஆனால் நிபந்தனையும் விதிக்கிறார்: விளையாட்டில் இழிவும் தீங்கும் இருக்கக் கூடாது, தன்னிலை மறக்கக் கூடாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்ற அந்தச் சொல் அலுவலகத்துக்கே எழுதியது போல இருக்கிறது.

பட்டியலுக்கு வெளியே

இனி அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு வருவோம். இன்று ஒரு கட்டடத்துக்குள் வேலை செய்யும் எல்லாரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஓர் ஏஜென்சியின் ஆள். கூட்டிப் பெருக்குபவர் இன்னொரு ஏஜென்சி. கேன்டீன் வேறு காண்ட்ராக்ட், வண்டி ஓட்டுபவர் வேறு காண்ட்ராக்ட். தொழிற்சாலைகளிலும் இதே நிலைதான். மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி 2022-23இல் பதிவு பெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். அதாவது ஐந்து பேரில் இரண்டு பேர். எச்.ஆர். பிரிவு தன் கணினியில் இருக்கும் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கினால் இந்த இரண்டு பேர் பெயரும் குலுக்கலில் வராது. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பட்டியலே அப்படி அமைந்திருக்கிறது.

நம் பகுதி மக்களுக்கு இந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று 2025 ஆகஸ்டில் தெரிந்தது. மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். புளியந்தோப்பும் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் வந்துகொண்டிருந்த சம்பளம் குறைந்துவிடுமே, மாநகராட்சி ஆள் என்ற பெயரும் போய்விடுமே என்பதுதான் அவர்கள் கலக்கம். பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் இருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயங்களைப் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். எங்கள் காதில் விழுந்தது ஒரு கேள்வி: "நாங்க யாரோட ஆளு?" காலையில் தெருவைக் கூட்டுகிற ஒருவர், தான் யாருடைய ஆள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புளியந்தோப்புக்கு இந்தக் கேள்வி பழையது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் பெரம்பூரில் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா தலைவர். மதிய உணவு இடைவேளை போதவில்லை, ஓடிப்போய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்பது அன்றைய முக்கியமான குறைகளுள் ஒன்று. இன்று மதியம் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு விளையாடுகிறோம் என்றால், வேலை நேரத்துக்குள் மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று அன்றே கேட்டவர்களில் இந்தத் தெருக்காரர்களும் உண்டு. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தில், அதே தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் தம் ஆள் இல்லை என்று எண்ணியதன் விலை அது.

அலுவலகத்தில் நடக்கும் ஒரு மதிய நேர விளையாட்டை இவ்வளவு பெரிய விஷயங்களோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். சேர்த்துப் பேச வேண்டும் என்றே நினைக்கிறோம். ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் நம் இளைஞர் கையில் இல்லை. குலுக்கலில் யார் பெயர் எழுதுவது என்ற அதிகாரம் அந்த ஒரு நாள் அவர் கையில் இருக்கிறது.

மேல் கீழை மாற்றிப் போடும் வழக்கம் இந்த விழாவுக்கு அந்நியமும் அல்ல. உரோமையர் டிசம்பரில் கொண்டாடிய சாத்தூர்னாலியா விழாவில் அடிமைகளுக்கு எசமானர் பரிமாறியதுண்டு. இடைக்கால இங்கிலாந்தில் பாடகர் குழுச் சிறுவன் ஒருவனைப் புனித நிக்கொலாஸ் நாள் தொடங்கி மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வரை 'ஆயர்' ஆக்கி உட்கார வைத்தார்கள். பிரிட்டிஷ் இராணுவத்தில் கிறிஸ்மஸ் விருந்தைப் படைவீரர்களுக்கு அதிகாரிகள் பரிமாறுவது இன்றும் வழக்கம். நமது இராணுவத்தில் படா கானா என்று அதிகாரியும் சிப்பாயும் சேர்ந்து உண்ணும் விருந்து உண்டு. மறுநாள் பழையபடி சல்யூட்தான். அதனால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது.

அன்று வேலைக்கு வருபவர்கள்

பட்டியலில் இருந்தும் வர முடியாதவர்கள் வேறு இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் அன்று எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் விடுமுறை என்று நினைப்பது சரியல்ல. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கு விடுமுறை தருகிறது. அந்த ஐந்து எவை என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் கலந்து பேசி முடிவாகும். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று எண்ணிவந்தால் கிறிஸ்மசுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விடுமுறை நாளில் வேலைக்கு அழைத்தால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். நம் மக்களில் பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

துறைமுகம், அனல்மின் நிலையம், மருத்துவமனை, ரயில் எதுவும் அன்று நிற்பதில்லை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிரியாணிக்காக 24ஆம் தேதி இரவு முழுக்க அங்கே உழைப்பவர்களுக்கு நள்ளிரவுத் திருப்பலியும் கிடையாது, பார்ட்டியும் கிடையாது. மீட்பர் பிறந்த செய்தி முதலில் போய்ச் சேர்ந்ததும் இரவுக் காவலில் ஆடுகளோடு இருந்த இடையர்களுக்குத்தான். வானதூதர் அவர்களது வேலைத்தளத்துக்கே போனார். டியூட்டி முடித்து வரும்வரை காத்திருக்கவில்லை.

கேரம் பலகை

சரி, விளையாட்டுக்கு வருவோம். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் விடுவது முறையல்ல.

வடசென்னையில் இருந்துகொண்டு கேரம் பலகையை மறந்துவிட்டு வேறு எதைச் சொல்வது? தெருமுனையில், மன்றங்களில், குண்டு பல்பு வெளிச்சத்தில் பவுடர் தூவி விளையாடும் ஆட்டம் அது. மொழி வேண்டாம், ஷூ வேண்டாம், புடவையோடும் ஆடலாம், அறுபது வயதிலும் ஆடலாம். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே காவல் வேலை பார்க்கும் தம்பிகளுக்குப் பாட்டுக்குப் பாட்டு வராது. ஸ்டிரைக்கர் பிடிக்க வரும். 1991இலும் 1995இலும் உலகக் கேரம் சாம்பியனாகி, 1996இல் அருச்சுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் உலகச் சாம்பியனான இளவழகி பக்கத்து வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆகவே அலுவலகத்தில் கேரம் வைத்தால் நாலு டைரக்டர்களை ஹவுஸ்கீப்பிங் அண்ணன் ஒருவர் வரிசையாக வீட்டுக்கு அனுப்ப நல்ல வாய்ப்பு உண்டு. அன்று அந்த அண்ணனின் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. ஜெனரல் மேனேஜரும் டிரைவரும் ஒரே பக்கம். ரெட்டை யார் போட்டாலும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

ஹவுசியும் நல்லதே. எண் தெரிந்தால் போதும், பதவி உதவாது. டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்தான் கவனம் தேவை. அதிர்ஷ்ட விளையாட்டு தன்னளவில் அநீதி அல்ல, ஒருவருடைய தேவைக்கான பணத்தை அது பறிக்கும்போது தவறாகிறது என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தரும் அளவுகோல். ஆன்லைன் ரம்மியால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைப் பார்த்துத்தான் 2022இல் மாநிலச் சட்டமும் 2025இல் மத்தியச் சட்டமும் வந்தன. டிக்கெட் இலவசமாக இருக்கட்டும். பரிசாக ஐந்து கிலோ அரிசியோ பிரஷர் குக்கரோ வைத்தால் வரவேற்பு இருக்கும்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். இசை நாற்காலி சிறுபிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களிடையே அது முட்டிமோதலில் முடிகிறது, கருவுற்ற பெண்களும் முழங்கால் வலிக்காரர்களும் சுவரோரம் நிற்க நேர்கிறது. ஊமை நாடகம் நடத்தினால் தமிழ்ப் படப் பெயர்களும் இருக்கட்டும். ஹாலிவுட் படங்களாக எழுதிப் போட்டால் பாதிப்பேர் பார்வையாளர்தான். இன்னொன்றையும் நம் ஆர்வக்கோளாறான சிலருக்குச் சொல்ல வேண்டும்: விவிலிய வினாடி வினா வேண்டாம். பங்கில் அது அழகு. அலுவலகத்தில், இந்து, இஸ்லாமியத் தோழர்கள் விடை தெரியாமல் விழிக்க நாம் மட்டும் பரிசு வாங்குவது விருந்தோம்பல் ஆகாது. இன்றைய சூழலில் விழாவே எளிதில் முறிந்துபோகிறது. 2025 டிசம்பரில் கேரள அஞ்சல் துறைத் தலைமை அலுவலகத்தில் ஊழியர்களின் கிறிஸ்மஸ் விழாவில் தங்கள் அமைப்பின் பாடலையும் பாட வேண்டும் என்று ஒரு தொழிற்சங்கம் கேட்டது. சர்ச்சை வளர்ந்து விழாவே ரத்தானது. குடில் வைப்பதையோ பாடல் பாடுவதையோ நாம் வெட்கப்பட்டு விட வேண்டியதில்லை. ஆயுத பூஜைப் பொரியை நம்மிடம் நீட்டியவர்கள் நம்மிடம் மறைக்கல்வித் தேர்வு வைத்ததில்லை என்பது நினைவிருந்தால் போதும்.

எப்போது வைப்பது என்பதிலும் நமக்கு ஒரு கருத்து உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் டிசம்பர் 20ஐ ஒட்டி முடித்துவிடுகின்றன. திருவழிபாட்டுக் காலக் கணக்குப்படி அது இன்னும் திருவருகைக் காலம். கிறிஸ்து பிறப்புக் காலம் 24 மாலையில்தான் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. மேலாளர் கேட்டால் சனவரி முதல் வாரத்தைச் சொல்லிப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கு முடித்த களைப்பு தீர்ந்திருக்கும், ஊருக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை.

ஆலை, துறைமுகம், மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஷிப்டு மாறுவது பிற்பகல் இரண்டு மணிக்கு என்றால், ஒன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிப்பதுபோல் வைத்தால் காலை ஷிப்டுக்காரர் முடித்துவிட்டு வரலாம், மாலை ஷிப்டுக்காரர் முன்கூட்டி வந்து ஒரு போர்டு ஆடிவிட்டுப் போகலாம். இரவு ஷிப்டுக்காரர்களுக்கு கேக்கை எடுத்து வைக்கும்போது தாளில் பெயர் எழுதி வையுங்கள். ஏஜென்சி ஆட்களை அழைப்பதற்கு அவர்களுடைய சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் முன்பே பேசியாக வேண்டும். அன்று வேலை நேரம் போனதற்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால்தான் அவர்கள் தயங்காமல் வருவார்கள். விளையாட்டு முடிந்ததும் அறையை யார் கூட்டுவது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டு வைத்துக்கொண்டால் டீம் லீடர்கள் நாலு பேருக்கு அது பத்து நிமிட வேலை.